சமூகவியல் ஆய்வில் நேர்காணல் முறையின் வலிமையும் வரம்பும்: அமெரிக்க முன்னாள் அடிமைகளின் வாய்மொழிப் பதிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சமூகவியல் ஆய்வில் தரவு திரட்டும் முறைகளுள் நேர்காணல் முதன்மையானது. அதன் நிறைகளையும் குறைகளையும் தனித்தனியே பட்டியலிடுவது பாடநூல் மரபு. இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை என்பதை, அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை திரட்டப்பட்ட முன்னாள் அடிமைகளின் நேர்காணல்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், தகவலாளர், நேர்காண்பவர் விளைவு, ஏற்புடைமை, நம்பகத்தன்மை, வாய்மொழி வரலாறு.

முன்னுரை

மனிதர் ஒருவரின் அனுபவத்தை அறிய அவரிடமே கேட்பது எளிய வழியாகத் தோன்றும். ஆயினும் கேட்பவரும் சொல்பவரும் சமூகத்தில் ஒரே தளத்தில் நிற்பவர்கள் அல்லர். சாதி, இனம், பால், வயது, கல்வி, பொருள்நிலை ஆகியன வினா எழுமுன்னரே இருவருக்கும் இடையே அமர்ந்துவிடுகின்றன. எனவே, நேர்காணலில் கிடைக்கும் விடையை ஒருவரது உள்ளத்தின் நேரடிப் பதிவாகக் கொள்வதா, ஒரு சந்திப்பின் விளைவாகக் கொள்வதா என்னும் வினா எழுகிறது. ஆய்வு முடிவுகளின் ஏற்புடைமை இவ்வினாவிற்கான விடையைச் சார்ந்துள்ளது.

நேர்காணலின் வகைகள்

நேர்காணலைக் கட்டமைக்கப்பட்டது, பகுதி கட்டமைக்கப்பட்டது, கட்டமைப்பற்றது என மூவகைப்படுத்துவர். முதல்வகையில் அனைவரிடமும் ஒரே வினாக்கள் ஒரே வரிசையில் கேட்கப்படுகின்றன, ஒப்பிடுதலும் எண்ணிக்கைப்படுத்துதலும் எளிதாகின்றன, நம்பகத்தன்மை மிகுகிறது. கட்டமைப்பற்ற நேர்காணலில் தகவலாளர் தம் சொற்களில், தம் போக்கில் பேசுகிறார், ஆழமும் ஏற்புடைமையும் மிகுகின்றன, ஒப்பீடு கடினமாகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே பகுதி கட்டமைக்கப்பட்ட நேர்காணல்.

ஆவணம் தராததை நேர்காணல் தருதல்

அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அடிமைகளாக இருந்தோரில் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டவர்கள். ஆகவே எஞ்சிய ஆவணங்களில் கணக்கேடுகள், விற்பனைப் பத்திரங்கள், தப்பியோடியவர்களைத் தேடும் விளம்பரங்கள் போன்ற உடைமையாளர் தரப்புச் சான்றுகளே மிகுதி. யூல்ரிச் பிலிப்ஸ் 1918இல் வெளியிட்ட அமெரிக்க அடிமைமுறை பற்றிய நூல் பெரிதும் தோட்ட உடைமையாளர்களின் பதிவுகளைச் சார்ந்தே எழுதப்பட்டது. அந்நூல் அடிமைமுறையைக் கனிவு மிக்க ஓர் ஏற்பாடாகக் காட்டியது. சான்று எவருடையதோ, வரலாறும் அவருடையதாயிற்று.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு நடத்திய கூட்டரசு எழுத்தாளர் திட்டம், 1936 முதல் 1938 வரை பதினேழு மாநிலங்களில் முன்னாள் அடிமைகளைச் சந்தித்து 2,300க்கும் மேற்பட்ட வாய்மொழிகளைப் பதிவு செய்தது. இவை 1941இல் காங்கிரஸ் நூலகத்தில் தொகுக்கப்பட்டன. உணவு, உழைப்பு, தண்டனை, வழிபாடு, குடும்பப் பிரிவு ஆகியவற்றை அனுபவித்தவர் வாயிலாகவே அறியும் வாய்ப்பு இதனால் கிட்டியது. எழுத்தறிவற்றோரையும் ஆவணத்தில் இடம்பெறாதோரையும் ஆய்வுக்குள் கொணர்வதே நேர்காணலின் தலையாய வலிமை. விளங்காததை மீண்டும் கேட்டுத் தெளிதல், எதிர்பாராத செய்தியைத் தொடர்ந்து செல்லுதல், முகக்குறிப்பையும் மௌனத்தையும் கவனித்தல் ஆகியன வினாநிரலால் இயலாதவை.

ஒரு தகவலாளர், இரு பதிவுகள்

இத்தொகுப்பிலேயே நேர்காணலின் வரம்பைக் காட்டும் சான்றும் உள்ளது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த, நூறு வயதைக் கடந்தவராகக் குறிக்கப்படும் ஒரு மூதாட்டி இருமுறை நேர்காணப்பட்டார். ஜெஸ்ஸி பட்லர் என்னும் வெள்ளையினப் பெண்ணின் பதிவில் அவர் பெயர் சூசன் ஹேம்லின். அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பின ஆணின் பதிவில் சூசன் ஹாமில்டன். பெயர் மட்டுமன்றிச் செய்தியும் வேறுபடுகிறது. பட்லரிடம் தம் உடைமையாளர் நல்லவர் என அவர் புகழ்கிறார். லாட்சனிடமோ, உறவினர் முன்னறிவிப்பின்றி விற்கப்பட்டபோது எழுந்த ஓலத்தையும், பெண்கள் கட்டித் தொங்கவிடப்பட்டுச் சவுக்கால் அடிக்கப்பட்டதையும் விவரிக்கிறார்.

இம்முரண்பாட்டை மூப்பின் மறதி எனக் கடந்துவிட இயலாது. பட்லரை நலத்துறை அலுவலகத்திலிருந்து வந்தவர் என அம்மூதாட்டி கருதினார். வறுமையில் வாடிய முதியோர் பலர், நேர்காண வந்தவர் உதவித்தொகை பெற்றுத்தருவார் என நம்பிய காலம் அது. இனப் பாகுபாடு சட்டமாக நிலவிய தென்மாநிலத்தில், உதவி வழங்கக்கூடிய வெள்ளையரிடம் வெள்ளையரைப் பழித்துப் பேசுவது அறிவுடைய செயலாகாது. அவர் பொய்யுரைத்தார் என்பதைவிட, தம் நிலையறிந்து பேசினார் என்பதே பொருந்தும்.

இது தனிநிகழ்வும் அன்று. பால் எஸ்காட் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இப்பதிவுகளை எண்ணிக்கைப்படுத்தி ஒப்பிட்டார். வெள்ளையரிடம் பேசியபோது மென்மையாகவும், கறுப்பினத்தவரிடம் பேசியபோது கடுமையாகவும் அடிமை வாழ்வு மதிப்பிடப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நேர்காண்பவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர் என்பதை நோக்க, தொகுப்பு முழுவதும் எப்பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்பது புலனாகும்.

பிற வரம்புகள்

நேர்காணப்பட்டோரில் பெரும்பாலோர் விடுதலையின்போது சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ இருந்தவர்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்தவற்றில் பிற்கால வறுமையும் கலந்துள்ளது. தகவலாளர்கள் முறையான மாதிரித் தேர்வால் தெரிவு செய்யப்படவில்லை. ஆர்கன்சா மாநிலத்தின் பங்கு அளவிறந்தது. எனவே பொதுமைப்படுத்தல் கடினம். பதிவுகளில் பெரும்பாலானவை கைக்குறிப்புகளிலிருந்து பின்னர் எழுதப்பட்டுத் திருத்தப்பட்டவை. சொன்னவர் மொழி எங்கு முடிகிறது, எழுதியவர் மொழி எங்குத் தொடங்குகிறது எனப் பிரித்தல் அரிது. காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாதல் அனைத்து நேர்காணல்களுக்கும் பொதுவான குறை.

தமிழகக் கள ஆய்வில் இதன் பொருத்தம்

நேர்காண்பவரின் இருப்பிடமே தரவைத் தீர்மானிக்கும் என்பதற்குத் தஞ்சை மாவட்ட ஆய்வொன்றும் சான்றாகும். ஆந்த்ரே பெத்தேய், ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்ட சிற்றூரை ஆராய்ந்து 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் பிராமணர் வாழ்வை அணுகிக் காண முடிந்தது. ஆதிதிராவிடர் குடியிருப்பில் அதே நெருக்கத்துடன் பழகுதல் எளிதாக இருக்கவில்லை. ஒரு தெருவில் கதவைத் திறந்த அதே அடையாளம் மற்றொரு தெருவில் கதவை அடைத்தது.

அவ்வாறாயின் ஒத்த அடையாளம் உடையவரே நேர்காண வேண்டும் என்பது தீர்வாகுமா? பெண்களை நேர்காணல் குறித்து 1981இல் எழுதிய ஆன் ஓக்லி, விலகி நிற்கும் நடுநிலையைக் கைவிட்டுத் தகவலாளரின் வினாக்களுக்கும் விடையளித்து நட்புறவு கொள்வதே நல்ல தரவைத் தரும் என வாதிட்டார். இக்கருத்து வலிமையுடையது. எனினும் நெருக்கமும் ஒரு சூழலே. லாட்சனிடம் கூறியதும் லாட்சனுக்காகக் கூறியதே. எச்சார்புமற்ற நேர்காணல் என ஒன்று இல்லை.

முடிவுரை

சூசனின் இரு கூற்றுகளுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் ஆய்வாளர் பணியன்று. லாட்சனின் பதிவு அடிமைமுறைக்குச் சான்று. பட்லரின் பதிவு, விடுதலைக்குப் பின்னும் நீடித்த அச்சத்திற்குச் சான்று. இரண்டும் தரவுகளே. இதிலிருந்து பெறப்படுவன:

1. கேட்டவர் யார், எங்கு, எவர் முன்னிலையில் கேட்டார் என்பவற்றை விடைகளோடு பதிவு செய்தல் வேண்டும்.
2. ஆய்வாளரை யாரெனத் தகவலாளர் கருதினார், என்ன எதிர்பார்த்தார் என்பதையும் குறித்தல் வேண்டும். தவறான எதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே களைதல் ஆய்வு அறமாகும்.
3. இயலுமிடத்து வேறுபட்ட நேர்காண்பவர்களைக் கொண்டு மீளக் கேட்டல் வேண்டும்.
4. பங்கேற்று உற்றுநோக்கல், ஆவணம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

மனிதர் மனிதரோடு பேசுவதால்தான் நேர்காணல் ஆவணத்தில் இல்லாததைத் தருகிறது; அதனாலேயே சொல்லாமல் விடப்படுவதும் நேர்கிறது. அவ்வாறு விடப்பட்டது எது, எவர்முன் என்பதை அறியும்போது வரம்பே தரவாகிறது. அதனை அறியாது விடையை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வு, அடக்கப்பட்டோரின் குரலைப் பதிவு செய்ததாகக் கூறிக்கொண்டே அவர்களது அச்சத்தை வரலாறாக எழுதிவிடும்.