நெஞ்செரிவா? வால்வு நோயா?

நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னதும் "கேஸ்ட்ரிக்காக இருக்கும்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பல வேளைகளில் அது சரிதான். ஆனால் எப்போதும் அல்ல.

களத்தின் கீழ் முனையில் ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் ஐதரோக்குளோரிக் அமிலம் மேலேறிக் களத்தை எரிக்கும். நோன்பு திறந்து வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரிவது இதனால்தான். களம் இதயத்தின் இடது சோணையறைக்குப் பின்னால் செல்கிறது. இரண்டின் வலியும் நெருங்கிய நரம்புப் பாதைகளால் செல்வதால் வேறுபடுத்துவது கடினம்.

வால்வு நோய் வேறு. குருதியை ஒரே திசையில் செல்லவிடும் வால்வு சுருங்கினாலோ, சரியாக மூடாவிட்டாலோ இதயத்தின் சுமை கூடும். சிறுவயதில் கிருமியால் வரும் தொண்டை நோவைக் கவனிக்காது விட்டால், சில வாரங்களில் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். அது பெரும்பாலும் இருகூர் வால்வையே தாக்கும். தழும்பு மெல்ல இறுகிப் பல வருடங்களின் பின்னரே வெளிப்படும்.

என் உம்மம்மாவுக்கு நடந்தது இதுதான். திகனயில் எங்கள் வீட்டு மேட்டில் ஏறும்போது இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்குவார். கேஸ்ட்ரிக் என்று இஞ்சித் தண்ணீர் குடிப்பார். தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வரும். கண்டியில் எக்கோ பரிசோதனை செய்தபோதே இருகூர் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறுமியாக மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்த கதையை அதன் பிறகுதான் சொன்னார்.

தலையணையை உயர்த்துவது இரண்டு நோய்க்கும் சுகம் தரும். அதனால் அது அடையாளமாகாது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் ஆகியவை இதயத்தைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள். சாப்பிட்ட பின்னும் குனியும்போதும் எரிந்து, வாயில் புளிப்பு வந்தால் அமிலமாக இருக்கலாம். ஆனாலும் உறுதிசெய்ய வேண்டியவர் வைத்தியரே.

1816 இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியர், ஓர் இளம் பெண்ணின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கத் தயங்கி, கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. வால்வின் முரண் ஓசையை இன்றும் முதலில் காட்டித்தருவது அதுவே. வெட்கப்பட்டு வைத்தியரிடம் போகாமலிருக்கும் நம் தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கள்.

தோழிகளே, தம்பி தங்கையரின் தொண்டை நோவை அலட்சியம் செய்யாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள் வைத்தியர் சொல்லும் பெனிசிலின் ஊசியைத் தவறவிடக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி வியர்வையுடன் வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், இஞ்சித் தண்ணீர் தேடாமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.