மழைக்காட்டுக்கு மாசம் 500 ரூபாய்: 80ஜி-க்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

போன ஜூலை மாசம், ரிட்டர்ன் சீசன் உச்சத்தில் இருந்தப்போ, ஒரகடத்தில் வேலை பார்க்கிற ஒரு தம்பி காஞ்சிபுரத்தில் இருக்கிற நம்ம ஆபீஸுக்கு வந்தார். ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்திருந்தார், ஐடி கார்டு கழுத்திலேயே தொங்குது. போனில் ஒரு சர்டிஃபிகேட்டைக் காட்டினார். மழைக்காட்டைக் காப்பாற்ற 20 மரங்களைத் தத்தெடுத்ததற்கு நன்றி என்று பச்சை எழுத்தில் இருந்தது. ஒரு ஆப் மூலமா 6,000 ரூபாய் கட்டியிருக்கார். "இதுக்கு 80ஜி-ல எவ்வளவு வரும், ஆடிட்டர் சார்?"

ஒரு ரூபாய்கூட வராது. அவர் கம்பெனியில் நியூ ரெஜீம் எடுத்திருந்தார், அதில் 80ஜி கழிவே கிடையாது. ஓல்டு ரெஜீமா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த ஆப்பை நடத்துறது லாபத்துக்கு நடக்கிற ஒரு கம்பெனி. 80ஜி பதிவும் இல்லை, ஃபார்ம் 10பிஈ-யும் இல்லை. சரின்னு அவங்க அனுப்பின போட்டோக்களைப் பார்த்தோம். காய்ஞ்ச செம்மண்ணில் வரிசையா ஒரே ரகக் கன்று. தைலமரம் மாதிரி தெரிஞ்சுது.

அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "வரி போனா போகட்டும் சார். காடாவது வளருதா?" என்று கேட்டார். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான். வீடியோவில் எட்டு நிமிஷத்தில் அவசரமா சொன்னதை இங்கே நிதானமா சொல்றேன்.

மழைக்காடு என்றதும் நமக்கு அமேசான்தான் ஞாபகம் வரும். ஆனா நம்ம ஆனைமலையிலேயே, வால்பாறையைச் சுற்றி மழைக்காடு இருக்கு. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினா தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் விரியும். 1890-களில் தொடங்கி காட்டை வெட்டித்தான் அந்தத் தேயிலையும் காபியும் வந்தன. வெட்டாம மிச்சம் விட்ட துண்டுக் காடுகள் தோட்டங்களுக்கு நடுவில் தீவு தீவா நிக்குது. சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளை நம்பித்தான் வாழுது.

இங்கே கணக்குப் பாஷையில் ஒண்ணு சொல்லணும். நிக்கிற காடு என்பது முதல், கேபிட்டல். புதுசா நடுற கன்று, முதல் தவணை மட்டும் கட்டின ஆர்டி. முதலை உடைச்சு செலவு பண்ணிட்டு, ஆர்டி ஆரம்பிச்சிருக்கேன், எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா நீங்க சிரிப்பீங்க. காட்டு விஷயத்தில் மட்டும் கை தட்டுறோம். அதனால என் வரிசை இதுதான்: நிக்கிறதை வெட்டாம பார்த்துக்கிறது முதல்ல, சிதைஞ்சதை சரி பண்றது ரெண்டாவது, வெறும் நிலத்தில் நடுறது கடைசி.

ரெண்டாவது வேலைக்கு வால்பாறையே நல்ல உதாரணம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்டக் கம்பெனிகளோட சேர்ந்து அந்தத் துண்டுக் காடுகளை மீட்டுக்கிட்டு இருக்கு. சாலையோரத்தில் விழுந்து கிடக்கிற விதைகளைப் பொறுக்கி வந்து நாற்றங்காலில் போடுறாங்க. அங்கே விழுந்த விதை முளைச்சு மரமாக வழியில்லை, காட்டுக்குள்ள விழுந்த விதையைத் தொட வேண்டியதும் இல்லை. அந்த மலைக்கே சொந்தமான நூற்றுக்கும் மேற்பட்ட மர வகைகளை இப்படி வளர்க்கிறாங்க. உண்ணிச்செடி மாதிரி களைகளை அகற்றி, கலந்து நட்டு, நட்ட பிறகும் களை எடுத்துப் பராமரிக்கிறாங்க. 7 முதல் 15 வருஷம் கழிச்சு அளந்து பார்த்ததில், சும்மா விட்ட இடங்களைவிட நட்டுப் பார்த்துக்கிட்ட இடங்களில் மரங்களின் அடர்த்தியும் சேமிச்ச கார்பனும் கூடுதலா இருந்தன.

7 முதல் 15 வருஷம் என்பதைக் கவனிங்க. இது உங்க கார் லோனைவிட நீளமான காலம். "300 ரூபாய்க்கு ஒரு மரம்" என்று விற்கிறவரிடம் கேட்க வேண்டியது: எந்த ஊர், யார் நிலம், எத்தனை வகை மரம், மூணாவது வருஷம் களை எடுக்க யார் காசு கொடுப்பாங்க? பதில் வரலைன்னா பணத்தை பாக்கெட்டிலேயே வைங்க.

இப்போ வரி. 2025-26 நிதியாண்டில் உங்க சம்பளம் 9 லட்சம்னு வச்சுக்குவோம். நியூ ரெஜீமில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக 8.25 லட்சம். 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால ரிபேட் போக வரியே பூஜ்யம். 80ஜி இருந்தாலும் இல்லாட்டியும் மிச்சப்படுத்த அங்கே வரி இல்லை. ஓல்டு ரெஜீமில் இருந்து, எல்லாக் கழிவும் போக வரிக்குரிய வருமானம் 7 லட்சம் என்றால், மாசம் 500 வீதம் வருஷத்துக்கு 6,000 கொடுத்தா, பொதுவா இந்த மாதிரி அமைப்புகளுக்குப் பாதிதான் கழிவு. அதாவது 3,000. உங்க ஸ்லாப் 20 சதவீதம், செஸ் 4 சதவீதம், ஆக மிச்சம் 624 ரூபாய். அதுக்கும் நிபந்தனை உண்டு: ரொக்கமா 2,000-க்கு மேல் கொடுத்தா கழிவு கிடையாது, அமைப்பு உங்க பேரில் ஃபார்ம் 10பிஈ தரணும், மொத்த நன்கொடைக்கு வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்பும் இருக்கு. 624 ரூபாய்க்காக ரெஜீமை மாற்றி வேற இடத்தில் பல ஆயிரம் விட்டுடாதீங்க, அப்படி செஞ்சவங்களைப் பார்த்திருக்கேன். கொடுக்கணும்னு தோணினா கொடுங்க. வரிக்காகக் கொடுக்காதீங்க.

உண்மையில் பெரிய தொகை நன்கொடையில் இல்லை, உங்க மாசச் செலவில் இருக்கு.

நம்ம காந்தி ரோட்டுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வர்றவங்களைப் பாருங்க. சில்க் மார்க் இருக்கான்னு திருப்பிப் பார்ப்பாங்க, சரிகையைச் சுரண்டிப் பார்ப்பாங்க, முந்தானையைப் பிரிச்சு வெளிச்சத்தில் பிடிப்பாங்க. அதே ஆள் மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டை ஒரு தடவைகூடத் திருப்ப மாட்டார். திருப்பினா பின்னாடி பெரும்பாலும் 'பாமாயில்' அல்லது 'பாமோலின்' என்று எழுதியிருக்கும். சிப்ஸ், நூடுல்ஸ், ஹோட்டல் பூரி, சோப்பு எல்லாத்திலும் அதுதான். உலகத்திலேயே அதிகமா பாமாயில் இறக்குமதி செய்ற நாடு நம்ம நாடு. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காடு அழிந்ததுக்கு எண்ணெய்ப்பனை ஒரு முக்கியக் காரணம்.

அப்போ பாமாயிலை ஒதுக்கிடலாமா? இங்கேதான் நான் பல யூடியூப் வீடியோக்களோட ஒத்துப்போறதில்லை. ஒரு ஹெக்டேரில் சோயாவோ சூரியகாந்தியோ தரும் எண்ணெயைப் போலப் பல மடங்கு பனை தருது. எல்லாரும் ஒரே நாளில் சோயாவுக்கு மாறினா இன்னும் அதிக நிலம் தேவைப்படும், அது தென் அமெரிக்காவில் வேற காட்டைத் தின்னும். நாமே இங்கே பயிரிட்டுக்கலாமேன்னு கேட்டா, 2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் தொடங்கிய எண்ணெய்ப்பனைத் திட்டம் குறிவைக்கிற இடங்கள் வடகிழக்கும் அந்தமானும். அங்கேயும் மழைக்காடுதான் இருக்கு. இன்னொண்ணு: ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமோலின் வாங்குற குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது. அவங்க பட்ஜெட்டில் அதுக்கு மாற்று இல்லை.

நமக்கு இருக்கு. நம்ம பக்கம், திருவண்ணாமலை, விழுப்புரத்தில் விளையுற கடலையை ஆட்டின எண்ணெயை, வீட்டுக்கு வாங்குற மூணு லிட்டரில் ஒரு லிட்டருக்கு மாற்றிப் பாருங்க. லிட்டருக்கு 50 ரூபாய் கூடுதல்னு வச்சாலும் வருஷத்துக்கு 600. மாசம் நாலு பாக்கெட் சிப்ஸ் குறைச்சா அந்தக் காசு திரும்பி வந்துடும். பாமாயில் தவிர்க்க முடியாத பொருளில், 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பின் சான்று இருக்கான்னு பாருங்க. அந்தச் சான்றின் மேலும் விமர்சனம் உண்டு, ஆனா சான்றே இல்லாததைவிட மேல். விளக்கெண்ணெய் பாட்டிலுக்கும் இதே விதிதான். உள்ளே என்ன எண்ணெய்னு எழுதாத பாட்டிலை நான் வாங்குறதில்லை, கோயில் ஊர்க்காரனா இருந்தும்.

காபி கொஞ்சம் சந்தோஷமான விஷயம். இந்தியக் காபி பெரும்பாலும் மர நிழலில்தான் வளருது. நிழல் தர்றது காட்டு மரங்களா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கா என்பதுதான் கேள்வி. காட்டு மரம் இருந்தா பறவையும் தங்கும். எந்த எஸ்டேட், என்ன நிழல்னு தங்கள் பாக்கெட்டில் சொல்ற கம்பெனிகள் இப்போ இருக்கு. காபி, தேயிலை பாக்கெட்டில் பச்சைத் தவளைச் சின்னம் இருந்தா அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று.

புது ஃபிளாட் வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்டீரியர்காரர் 'குர்ஜன் பிளை' என்று பெருமையா சொல்வார். குர்ஜன் என்பது அந்தமான், வடகிழக்கு, மியான்மர் பக்கத்து மழைக்காடுகளில் நூறடிக்கு மேல் வளர்ற மரம். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. உங்க மாடுலர் கிச்சனுக்கு அது கட்டாயம் வேணுமா? தோப்பில் வளர்த்த யூகலிப்டஸ் பிளையே சமையலறைக்குப் போதும். கொட்டேஷனில் மர வகையைத் தனி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. ஹோம் லோன் டாப்-அப் வாங்கி இன்டீரியர் செய்றவங்களுக்கு இதில் மிச்சமாகிறது, 80ஜி-யில் பத்து வருஷம் சேர்த்தாலும் வராது.

கடைசியா, நீங்க கையெழுத்துப் போடாத ஒரு செக். 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இதில் ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆர் வேலைக்குச் செலவு பண்ணணும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் பலவும் இதில் வரும். காடு, உயிரினப் பாதுகாப்பு எல்லாம் சட்டம் அனுமதிக்கிற பட்டியலிலேயே இருக்கு. ஆனா நடக்கிறது என்ன? ஜூன் 5-ஆம் தேதி கேட் பக்கத்தில் பத்து கன்று, ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. அடுத்த ஜூனில் அதே குழியில் அடுத்த கன்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆனைமலை மாதிரி இடத்தில் மீட்பு வேலைக்கு, ஒரு வருஷம் இல்லை, மூணு வருஷத்துக்குக் கொடுக்க முடியுமான்னு ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கணும், அதையும் மெயிலில் குறிப்பிடுங்க. அப்போதான் படிச்சவர் கேக்குறார்னு தெரியும்.

மெயில் போட்டா என்ன ஆயிடும்னு கேட்கலாம். கேரளத்தில் சைலண்ட் வேலியில் குந்திப்புழாவின் குறுக்கே மின்வாரியம் அணை கட்ட இருந்தது. கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத்தின் பள்ளி ஆசிரியர்களும், எழுத்தாளர்களும், மாணவர்களும் எழுதி, பேசி, கேஸ் போட்டு வருஷக்கணக்கா விடலை. திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. அந்த ஆசிரியர்கள் மாசச் சம்பளக்காரர்கள்தான்.

நம்ம தம்பி ஆகஸ்டிலேயே மெயில் போட்டுட்டார், வரைவு நான் பார்த்துக் கொடுத்தேன். "சிஎஸ்ஆர் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்" என்று ஒரு வரி பதில் வந்திருக்கு. ஆப்பிலிருந்து 6,000 திரும்ப வரலை. ஒரு அமைப்பின் 80ஜி பதிவை வருமான வரி போர்ட்டலில் எப்படிச் சரிபார்க்கிறது என்பதை அடுத்த வீடியோவில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கோட காட்டுறேன்.