அம்மாவின் கண்ணும் உங்கள் சம்பளமும்

அன்புள்ள சகோதரிக்கு,

அன்புவழிபுரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து வந்தவர், ஆவியில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அடுப்படிக்கே போவதில்லை. அவரைத் தனியே விட மனமில்லாமல் நீங்களும் டவுனில் பார்த்த வேலையை விட்டுவிட்டீர்கள். "ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம்தானே, புரை முற்றட்டும், பிறகு பார்ப்போம்" என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

முற்றட்டும் என்பது அந்தக் காலத்து நியாயம். அப்போது கண்ணின் வில்லையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. சாகும்வரை தடித்த கண்ணாடிதான். ஆகவே பார்வை அநேகமாகப் போகும்வரை பொறுத்திருங்கள் என்று வைத்தியர்களே சொன்னார்கள். 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். அதன் விலை நெடுங்காலம் ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸை மலிவாகச் செய்து கொடுத்தபின் அந்தத் தடையும் தளர்ந்தது. இன்று புரை கல்லாக இறுகிய கண்ணில்தான் சத்திரசிகிச்சை சிக்கலாகிறது. சிலருக்குக் கண்ணழுத்தம் கூடி நரம்பே கெட்டுவிடும். அப்படிப் போன பார்வையை எந்த லென்ஸாலும் மீட்க முடியாது.

ஒப்பரேசனுக்குக் காசு தேவையில்லை, உண்மை. காத்திருப்பதற்குத்தான் காசு போகிறது. இடியப்பக் காசு நின்றுவிட்டது, உங்கள் சம்பளம் நின்றுவிட்டது, எங்கே போவதென்றாலும் ஓட்டோ. ஒருநாள் படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு.

அரவிந்த் நோயாளர்களைப் பற்றி 1983இல் வந்த ஓர் ஆய்வில், பார்வை போனதால் வேலையிழந்த ஆண்களில் 85 வீதத்தினரும் பெண்களில் 58 வீதத்தினரும் சத்திரசிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பெண்களின் அந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறவே ஆறாது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மகளை வேலைக்கு அனுப்பும் தாயின் உழைப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் வீட்டில் ஒருவருடைய கண் தெளிந்தால் இரண்டு பேர் உழைக்கலாம்.

இந்தக் கிழமையே அம்மாவைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பெயரைப் பதியுங்கள். காத்திருப்போர் வரிசை நீளமாயிருந்தால் அதுவே இன்று போவதற்குக் காரணம். சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லையென்றால் திகதியைத் தள்ளிவைக்கக்கூடும்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்