கிட்வாய் நகரில் ஒரு காந்தள் தொட்டி

அன்புள்ள தேன்மொழிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். காந்தள் கொடி வைக்கோல் நிறத்தில் பால்கனிக் கம்பியைச் சுற்றிக் கிடக்கிறது. டெல்லிக் குளிர் அதைக் கொன்றுவிட்டது, மண்ணைக் கொட்டிவிட்டு சாமந்தி வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொட்டிவிடாதே, கண்ணு. செடி சாகவில்லை.

அந்த இலைகள் எப்போது மஞ்சளாகின என்று நினைத்துப் பார். அக்டோபரில். அப்போது நீ மின்விசிறி போட்டுக்கொண்டுதான் தூங்கினாய். நம் மூலனூர், தாராபுரம் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிர் செய்கிறார்களே, அங்கே குளிர் ஏது? இருந்தும் ஆடியில் நட்ட கொடி, ஐப்பசி கார்த்திகை மழையில் பூத்து, காய் முற்றியதும் காய்ந்துதான் போகிறது. இந்தச் செடிக்கு நாள் குறிப்பது மழை. டெல்லியில் மழை ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பரோடு முடிகிறது. அதனால் உன் கொடி ஆவணியில் பூத்து, தீபாவளிக்குள் வேலையை முடித்துக்கொண்டது. குளிர் வந்தபோது மண்ணுக்கு மேலே அது கெடுப்பதற்கு ஒன்றுமில்லை.

டெல்லிக் குளிரைக் குறைத்துச் சொல்லவில்லை. செய்தியில் 'டெல்லியின் வெப்பநிலை' என்று சொல்வது பெரும்பாலும் சப்தர்ஜங்கில் எடுத்த அளவு; உன் கிட்வாய் நகர் வீட்டிலிருந்து ஐஎன்ஏ மார்க்கெட்டைத் தாண்டினால் அந்த இடம். அங்கே 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி. 2006 ஜனவரி 8 அன்று 0.2. 1935 ஜனவரியில் ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.6. இவையெல்லாம் காற்றின் குளிர். வெயில் காலத்துச் செடிகளின் இலை பனிக்கட்டி உறையும் வரை காத்திருப்பதில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனாலே செல்லைச் சுற்றியுள்ள சவ்வு விறைத்துப்போய் இலை கருக ஆரம்பிக்கும். இலையோடு ஜனவரியில் நின்றிருந்தால் காந்தளும் கருகியிருக்கும்தான். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் தாவரவியல் பூங்காவின் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடுகிறார்கள், காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அவை அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் செடிகள், அதனால் அந்தப் பாடு. உன் தொட்டிக்குப் போர்வை வேண்டாம்.

காந்தளின் உயிர் இப்போது கிழங்கில் இருக்கிறது. கலப்பைபோல இரண்டாகப் பிரிந்த கிழங்கு. அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்கிறோம். போன வருஷம் நீ நட்ட கிழங்கு அங்கே இருக்காது. அது தன்னிடமிருந்த மாவையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போயிருக்கும். அதற்குப் பதிலாகக் கொடியின் அடியில் புதுக்கிழங்கு விளைந்திருக்கும், வெளிர்பழுப்புத் தோலும் உள்ளே வெள்ளையுமாக. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. மிளகளவுகூட இராது. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆகவே தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்.

இமயமலை அடிவாரக் காடுகளிலும் இதே காந்தள் தானாகவே வளர்கிறது. அங்கே இதன் பெயர் கலிஹாரி. உன் பேட்டை நர்சரிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார். அந்த மலையடிவாரக் குளிரை அந்தக் கிழங்குகள் ஒவ்வொரு ஆண்டும் தாங்குகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது இந்த மலைப்பூவைத்தான்.

ஆனால் காட்டு மண்ணுக்கும் தொட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் நீ கவனிக்க வேண்டியது. நிலத்தில் நாலு விரற்கடை ஆழத்துக்குக் கீழே பகல் வெயிலின் சூடு இரவிலும் தங்கும். தொட்டி பக்கவாட்டிலும் குளிரும். அதனால் அதைச் சுவரோரம் நகர்த்தி, வெறும் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேலே தூக்கி வை. ஹீட்டர் போட்ட அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதே. அந்தச் சூட்டில் முளை காலமில்லாத காலத்தில் எழும், பிறகு வெயில் போதாமல் வெளுத்து விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். ஊற்றாதே. காய்ந்த செடியைப் பார்த்தால் மனசு கேட்காமல் தினமும் ஒரு சொம்பு ஊற்றத்தான் தோன்றும். உறங்கும் கிழங்கு தண்ணீரை இழுக்காது. குளிர்ந்த மண் காயவும் காயாது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிழங்கு அழுகிவிடும். டெல்லியில் காந்தளை வளர்ப்பவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், குளிரால் அல்ல. ஜனவரியில் அங்கே ஒன்றிரண்டு மழை பெய்யும். அப்போது தொட்டியை உள்பக்கம் இழுத்துவிடு. ஏப்ரலில் இரவும் வெதுவெதுப்பான பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் காட்டு. மே மாத அனல் காற்றில் நிழல் கொடு. மழை இறங்கியதும் கொடி தானே கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

கடிதத்தின் கடைசியில், எனக்கும் இந்த ஊர் ஒத்துவரவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வருவதும் இருப்பதும் உன் விருப்பம். வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. ஆனால் அந்த முடிவை ஜனவரியில் எடுக்காதே. வெயிலைப் பார்க்காமல், மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்று, ஜில்லென்ற தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற மாதத்தில் எந்த ஊரும் யாருக்கும் பிடிக்காது. ஹோலி வரை பொறு. அதன் பிறகும் இதையே சொன்னால் நானே ரயிலேறி வந்து உன்னை அழைத்து வருகிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. எப்போதாவது தொட்டி மாற்றக் கிழங்கை எடுக்க நேர்ந்தால் கையுறை போட்டுக்கொள். காய்ந்த மணலில் பொதிந்து, பெட்டியின் மேல் 'விஷம்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, சமையலறைக்கு வெளியே வை. கிழங்கில் இருக்கும் கோல்கிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரை எடுக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்து இதை வேகவைத்துத் தின்று இலங்கையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடமும் வேலைக்கு வரும் அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லி வை.

அன்புடன்,
மாமா