குடியுரிமை: பெயரும் பொருளும்

குடியுரிமை என்பது ஒரே நாளில் முழுமையாகக் கிடைத்துவிடும் உரிமை என மாணவர்கள் எண்ணுவதுண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்தவல்லது. 1967ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பே அவர்களுக்கு வாக்குரிமை அளித்தது என்று பலரும் கருதுகின்றனர். அது சரியன்று.

1901இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடுகையில் பழங்குடியினரைச் சேர்க்கலாகாது என்றது. 1902ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வெள்ளையர் மகளிருக்கு வாக்களித்தது. ஆனால் மாநில வாக்குரிமை ஏற்கெனவே பெற்றிருந்தோர் நீங்கலாக, பழங்குடியினரை ஒதுக்கியது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் 1944ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழ் வழியே குடியுரிமை வழங்கிற்று. அதனைப் பெற விரும்பியவர், மிக நெருங்கிய உறவினர் நீங்கலாகத் தம் குலத்தாருடன் இரண்டாண்டுகள் தொடர்பற்று இருந்திருக்க வேண்டும். வழங்கிய சான்றிதழைப் பறிக்கவும் இயலும். இச்சட்டம் 1971இல்தான் நீக்கப்பட்டது.

1949 ஜனவரி 26இல் ஆஸ்திரேலியக் குடிமகன் என்ற சட்ட நிலை தோன்றியபோது பழங்குடியினரும் அதில் அடங்கினர். எனினும் பெயர் வந்ததேயன்றி, உரிமைகள் உடன் வரவில்லை. புகழ்பெற்ற ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1957இல் அவருக்கு முழு உரிமைகள் கிடைத்தன; அவருடைய சுற்றத்தாருக்குக் கிடைக்கவில்லை. உறவினர் ஒருவருக்கு மது வழங்கியதாக 1958இல் அவர் தண்டிக்கப்பட்டார். மறு ஆண்டே காலமானார்.

மத்தியத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை 1962இல் அனைத்துப் பழங்குடியினருக்கும் கிட்டியது. மாநிலங்களுள் இறுதியாகக் குவீன்ஸ்லாந்து 1965இல் அதனை வழங்கியது. அப்படியாயின், 1967இல் நிகழ்ந்தது யாது? 127ஆம் பிரிவு நீக்கப்பட்டது. பழங்குடியினருக்கெனச் சட்டமியற்றும் அதிகாரம் மத்தியப் பாராளுமன்றத்திற்குக் கிடைத்தது. 90 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் இம்மாற்றங்களை ஆதரித்தனர்.

நில உரிமையோ மேலும் தாமதித்தது. குடியேற்றத்திற்கு முன் நிலம் எவருக்கும் உரியதன்று என்ற கோட்பாட்டை உயர் நீதிமன்றம் 1992இல், மாபோ வழக்கில், நிராகரித்தது. பழங்குடியினரின் கருத்தைப் பாராளுமன்றத்திற்கு எடுத்துரைக்க ஓர் அமைப்பை அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்யும் யோசனையை 2023இல் ஏறத்தாழ 60 சதவீத வாக்காளர்கள் ஏற்கவில்லை.

ஆசிரியர்கள் கரும்பலகையில் சட்ட நிலை, வாக்கு, கணக்கெடுப்பு, நிலம் என நான்கு பத்திகள் வரைந்து, உரிய ஆண்டுகளை மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். 1949, 1962, 1967, 1992 ஆகியவற்றிற்கு இடைப்பட்ட காலமே இப்பாடத்தின் சாரம். நிர்வாகத்தில் உள்ளோரும் இதனைக் கருத வேண்டும்: கணக்கில் இடம்பெறாத மக்கள் திட்டத்திலும் எளிதில் இடம்பெறுவதில்லை.