சாட்சியச் சட்டத்தைத் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள்

டெல்லியில் சட்டம் படிக்க வரும் நம்மூர்த் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சாட்சியச் சட்டத்தைப் பிரிவு வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். பெரிய வழக்கு ஒன்றின் தீர்ப்பை எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு சாட்சியத்தையும் பற்றிக் கேளுங்கள். வழக்கோடு தொடர்புடையதா? சட்டப்படி ஏற்கத்தக்கதா? ஏற்றால், எவ்வளவு நம்பலாம்?

எனக்குக் கைகொடுத்தது நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கு. 2001 டிசம்பர் 13 தாக்குதலுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2005 ஆகஸ்டில் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணமாகச் செல்லாது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அச்சட்டமே விதித்த பாதுகாப்பு நடைமுறைகள் மீறப்பட்டதால், அந்த வாக்குமூலங்களை நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. செல்போன் அழைப்புப் பதிவுகளையோ ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றும், குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான கல்லூரி ஆசிரியர் கிலானியின் விடுதலையை உறுதி செய்தது. அவர்மேல் சந்தேகம் எழுவதாகச் சொன்ன நீதிபதிகளே, சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் நிரூபணம் ஆகாது என்று எழுதினார்கள். நாடே கொதித்திருந்த வழக்கில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். ஏற்கத்தக்க சாட்சியம் வேறு, தண்டிக்கப் போதுமான சாட்சியம் வேறு என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

அதே தீர்ப்பு, மின்னணுப் பதிவுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமலே அதை ஏற்றது. 2014-ல் அன்வர் வழக்கு அந்த நிலைப்பாட்டை மாற்றியது. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு அந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் அது இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருப்பதால் எண்களும் மாறிவிட்டன: 65பி இப்போது 63; பழைய 27 இப்போது பிரிவு 23-ன் வரம்புரைக்குள் போய்விட்டது. ஓரத்தில் இரண்டு எண்ணையும் குறியுங்கள்.

படிப்பதோடு நிற்காமல், டெல்லியின் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்துக்கோ தீஸ் ஹசாரி நீதிமன்றத்துக்கோ போய் ஒரு குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். இந்தி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கேள்விக்கு எதிர்ப்பு எழுகிறது என்பது புரியும்.

தேர்வில் பழைய 27 கட்டாயம் வரும்: போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அவர் சொன்னதில் எவ்வளவை ஏற்கலாம் என்பதுதான் அந்தப் பிரிவு. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்குதான் அதற்கு அடித்தளம். 'கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன்' என்பது நிற்கும். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' என்பது நிற்காது. வினாவில் கைதி பேசும் வாக்கியத்தைக் கண்டால், விடை எழுதுமுன் நிற்காத சொற்களைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.