கணிப்பொறிப் பாடம்: விதி ஓரிடத்தில் இருக்கட்டும்

ஒரு புரோகிராமில் உள்ள விவரங்களைக் கோப்பில் சேமிக்கவோ வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பவோ வேண்டுமானால், முதலில் அவற்றை வரிசையான எழுத்துகளாக மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கருவியே சீரியலைசர். டாட்நெட் கோர் 3.0 உடன் 2019-இல் வெளிவந்த 'சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன்' இவ்வகையைச் சேர்ந்தது. சி-ஷார்ப் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது அவசியம் தேவைப்படும்.

எப்படி மாற்ற வேண்டும் என்ற விதிகளை 'ஜேசன் சீரியலைசர் ஆப்ஷன்ஸ்' என்ற பொருளில் எழுதித் தருகிறோம். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விதி எதுவும் தராவிட்டால் கருவி தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாது. ஒவ்வொன்றையும் 6 குறிகள் கொண்ட சங்கேதமாக மாற்றிவிடும். 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் 5 குறியீடுகள் உள்ளன. ஆகவே அது 30 குறிகளாகும். கணிப்பொறி அதைத் திரும்பப் படித்துவிடும். மனிதக் கண்ணுக்குத்தான் புரியாது. எனவே அடிப்படை லத்தீன், தமிழ் ஆகிய இரு யூனிகோடு பகுதிகளையும் என்கோடரில் அனுமதிப்பது நம் முதல் விதி. தலைப்புப் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இரண்டாவது விதி.

சேமிக்கும் இடம், படிக்கும் இடம், அனுப்பும் இடம் என மூன்றிலும் இவ்விதிகளைத் தனித்தனியே எழுதியிருப்பதாகக் கொள்ளுங்கள். படிக்கும் இடத்தில் மட்டும் இரண்டாவது விதி விடுபட்டால் என்ன ஆகும்? இக்கருவி சாதாரணமாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். தலைப்பு பொருந்தாததால் தொலைபேசி எண்ணைக் காலியாக விட்டுவிடும். பிழை என்று அறிவிக்கவும் செய்யாது. அந்தப் பட்டியலை மீண்டும் சேமித்தால், பழைய எண்கள் போனது போனதுதான்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு கிளாசில் 'ஸ்டாடிக் ரீட்ஒன்லி' என்று குறித்து ஆப்ஷன்சை ஒருமுறை மட்டும் உருவாக்குங்கள். எழுதும்போதும் படிக்கும்போதும் அதையே கொடுங்கள். விதியை மாற்ற நேர்ந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

வேகமும் கூடும். ஒரு டைப்பை முதன்முறை சந்திக்கும்போது கருவி அதன் அமைப்பை ஆராய்ந்து, குறிப்புகளை ஆப்ஷன்சுடன் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் அந்த உழைப்பு வீணாகலாம். டாட்நெட் 7 முதல் ஒரே மாதிரியான ஆப்ஷன்சுகள் இக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும் ஒன்றையே திரும்பப் பயன்படுத்துவதே நல்லது. டாட்நெட் 8 இதைத் தன் சி.ஏ.1869 என்ற குறிப்பின் மூலம் நினைவூட்டுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல்முறை பயன்படுத்தியதும் ஆப்ஷன்ஸ் பூட்டப்பட்டுவிடும். பிறகு திருத்த முயன்றால் புரோகிராம் பிழை காட்டும். ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு தேவையானால், மூலத்தை நகலெடுத்து, அந்த நகலில் வேண்டியதை மட்டும் மாற்றி, அதையும் தனியே ஒருமுறை உருவாக்கி வையுங்கள்.

இந்திய ரயில்வேயிலும் முறை இதுவே. 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் எல்லா மண்டலங்களுக்கும் பொது. மண்டலங்கள் துணை விதிகளைச் சேர்க்கின்றன; ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்கேற்ற செயல் விதிகள் உண்டு. நிலையத்துக்கு ஒரு பொது விதி என்றால் வண்டி ஓடுமா? புரோகிராமுக்கும் அப்படித்தான். பிள்ளைகள் இன்றே தங்கள் புரோகிராமில் ஒரே விதி எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.